பாலாற்று மணலில் ஓர் ஆகாயச் சண்டை

எம் பாட்டனார் வாலாஜாபாத்தில் தறி நெய்து வாழ்ந்தவர். 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சென்னை நகரத்து ஜனங்கள் ஜப்பானியர் குண்டுக்கு அஞ்சி, மூட்டை முடிச்சுகளுடன் வெளியூர்களுக்கு ஓடிய கதையை அவர் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். அம்மாதம் 5 ஆம் தேதி கொழும்பின்மீது பறந்துவந்த ‘ஜீரோ’ விமானமும், அதனை எதிர்த்து எழுந்த ஆங்கிலேயரின் ‘ஹரிக்கேன்’ விமானமும் எம் பால்யத்துக் கதாநாயகர்கள். ஆதலின், யுத்த விமானங்களின் சிறு உருக்களைச் செய்து ரேடியோக் கருவியால் ஆட்டுவித்துச் சண்டையிடும் வினோதத்தில் பிற்காலத்தே எம் மனம் சென்றது வியப்பன்று.

இச்சண்டையின் இயல்பை வாசகரிற் பலர் அறியார். ஒவ்வொரு விமானத்தின் வாலிலும் நீண்ட நாடா ஒன்று கட்டப்படும். பிறர் நாடாவைத் தன் விமானத்தால் அறுப்பவனே வென்றவன். நம்மூர்க் காற்றாடிச் சண்டையே இஃது. வழிப்போக்கர் கழுத்தை அறுக்கும் மாஞ்சா நூல்தான் இல்லை. மெய்யான விமானத்தைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்வது பல தேசத்தாரும் கைக்கொள்ளும் முறை. எவ்விமானத்தைச் சுருக்குவது என்பதிலேயே யாம் ஏமாந்தோம்.

ஜெர்மானியரின் ‘மெஸ்ஸர்ஷ்மிட் 109’ விமானத்தின் கூரிய வடிவில் எமக்கு மோகம் மிகுதி. தறியில் உழைத்துத் தம்பி தீபாவளிக்கென்று சேர்த்து வைத்திருந்த கூலியைக் கடன் பெற்று, மோட்டாரும் பாட்டரியும் வாங்கி, அதனையே செய்து முடித்தோம். செங்கற்பட்டு நண்பர் ஒருவர் ஹரிக்கேனுடன் வந்தார். கொழும்பில் தோற்ற வண்டியைக் கொண்டுவந்தீரே என்று நகைத்தோம்.

பங்குனி மாதத்து மாலை. பாலாறு வெறும் மணலாய்க் கிடந்தது. நண்பரின் விமானம் ஒரு சிறு வட்டமிட்டுத் திரும்பியது. அதனைத் துரத்தி யாமும் அவ்வாறே வளைத்தோம். எம் விமானத்தின் இடது இறக்கை திடீரெனச் சரிந்தது. தலைகீழாய் மணலிற் புதைந்தது. மோட்டாரின் அச்சு வளைந்து போயிற்று. தம்பி ஒன்றும் சொல்லாமல் துண்டுகளைப் பொறுக்கினான். வைதிருந்தாற்கூடத் தாழ்வில்லை.

அன்றிரவு காகிதமும் பென்சிலுமாய் அமர்ந்தோம். எம் தந்தையார் மறுநாள் கொடுக்கவேண்டிய புடவையை மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“எல்லா விமானமும் ஒரே எடைதானேடா?” என்றார்.

“ஆமாம் அப்பா, ஏறத்தாழ 700 கிராம்.”

“ஒரே எடை நூலை அகலம் குறைத்து நெய்தால் துணி கனத்துத்தானே போகும்? உன் இறக்கையும் அப்படித்தானோ?”

அதுவே விஷயம். விமானத்தின் எடையை இறக்கையின் பரப்பால் வகுத்து வருவதை இறக்கைப் பாரம் என்பர். மெய்யான ஜீரோவின் இறக்கை ஏறத்தாழ 22.4 சதுர மீட்டர், ஹரிக்கேனுடையது 23.9. பரப்பில் பெரும் பேதமில்லை. எனினும் ஜீரோ சுமார் 2,400 கிலோ. கொழும்பில் எழுந்த ஹரிக்கேனோ ஏறத்தாழ 3,400 கிலோ. சதுர மீட்டருக்கு முன்னதன் பாரம் 107 கிலோ, பின்னதன் பாரம் 142. ஆதலின் ஜீரோ சிறு வட்டத்தில் திரும்பவல்லதாயிற்று. (ஆங்கிலேயர் அன்று மிகுதியாய் இழந்ததற்கு இஃதொன்றே காரணமன்று, முன்னறிவிப்புக் கிட்டாமையால் அவர் விமானங்கள் உயரம் ஏறுமுன்பே அகப்பட்டன.)

ஆனால் சிறு உருவத்திற்கு மூதாதையின் எடை வருவதில்லை. இறக்கை மட்டுமே வருகின்றது. மோட்டாரும் பாட்டரியும் தெர்மக்கோலும் எவ்விமானத்திற்கும் ஏறக்குறைய ஒன்றே. பரப்போ 144 இல் ஒரு பங்காகும். ஹரிக்கேனுக்கு 16.6 சதுர டெசிமீட்டர், ஜீரோவுக்கு 15.6, எம் மெஸ்ஸர்ஷ்மிட்டுக்கு 11.2 மட்டுமே. 700 கிராமை வகுத்தால் முறையே 42, 45, 62 கிராம். கொழும்பில் கனத்தது இங்கே இலேசாயிற்று! 42 க்கு 62 ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதனால் விழாமற் பறப்பதற்கு வேண்டிய வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். வளையும் வட்டமோ ஒன்றரை மடங்கு விரியும். நண்பர் வளைத்த வட்டத்தில் எம் விமானம் வளையவே இயலாது. யாம் விழுந்தது கைப்பிழையன்று, தேர்வுப் பிழை.

அமெரிக்கரின் பருத்த ‘தண்டர்போல்ட்’ இன்னும் இலேசாகும். அதன் இறக்கை 27.9 சதுர மீட்டர். அதனையே செய்யலாமா என்று ஆசைப்பட்டோம். ஆயினும் பாரம் மிகக் குறைந்தால் ஆற்றுக் காற்று சருகைப்போல் அலைக்கும். அகன்ற இறக்கை வேகத்தையும் தின்னும். இறுதியில், யாம் நகைத்த ஹரிக்கேனையே செய்தோம்.

மறுபடி சந்தித்தபோது இரு ஹரிக்கேன்களும் ஒரே வட்டத்தில் நெடுநேரம் சுழன்றன. பாரம் சமமாகவே, சண்டை கைத்திறனுக்கு வந்துவிட்டது. நாடா எமதே அறுந்தது. இம்முறை விமானம் முழுதாய் இறங்கிற்று. அடுத்த சுற்றுக்குத் தம்பி கருவியைக் கேட்டான். கொடுத்துவிட்டோம்.