தபாலில் வாராத ஆய்வுகூடம்

பாடக்குறிப்புகளைத் தபாலில் அனுப்பலாம். ஆய்வுகூடத்தை அனுப்ப இயலுமோ? தூரத்திலிருந்து கற்கும் மாணவன் கட்டடத்தையோ கருவிகளையோ நேரிற் காண்பதில்லை. அங்கீகார முத்திரையையே நம்புகின்றான். தொலைக்கல்விக்கு ஒழுங்குவிதிகள் இன்றியமையாதனவாவது இதனாலேயே.

இந்தியாவில் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுமதியின்றித் தொலைக்கல்வியிற் பொறியியற் பட்டங்களை வழங்கின. பிறிதோர் அதிகாரபீடம் பின்னர் அதற்கு அங்கீகாரமும் அளித்தது (குதிரை ஓடியபின் இலாயத்துக்கு வழங்கிய நற்சான்று!). 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம், 2001 முதல் 2005 வரையான கல்வியாண்டுகளிற் சேர்ந்தோரின் பட்டங்களைப் பரீட்சையொன்றிற் சித்தியடையும்வரை இடைநிறுத்தியது. அதன்பின் சேர்ந்தோரின் பட்டங்களை இரத்துச்செய்தது. வேலைபார்த்துக்கொண்டே படித்தவர்கள் அவர்களுட் பலர். அனுமதித்த அதிகாரிகளை விசாரிக்கவும் உத்தரவாயிற்று; ஆயினும் முதலில் இழந்தவர் மாணவரே.