வெள்ளென ஓடும் பீளமேடு

திங்கள்

கோவை பீளமேட்டில் விடியற்காலை ஐந்தரைக்கே கொடிசியா வளாகத்தின் பக்கம் ஓட்டம் தொடங்கிவிடுகிறது. ஐ.டி. இளைஞர்களுக்கு நடுவே நரைத்த தலைகளும் தெரிகின்றன: மில்லில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர்கள், பம்ப்செட் பட்டறை நடத்தியவர்கள், கல்லூரியில் பாடம் எடுத்தவர்கள். டீக்கடையில் அவர்களை நிறுத்திக் கேட்பவர்களுக்குக் குறைவில்லை. "ஏனுங்க, இந்த வயசுல ஓடோணுமாக்கும்? முட்டி தேஞ்சு போகாதுங்களா?"

நியாயமான கவலைதான். ஆனால் ஆய்வுகள் வேறு சொல்கின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வந்த ஒரு கணக்கின்படி, உடல்நலத்துக்காக அளவோடு ஓடுபவர்களில் 3.5 சதவீதத்தினருக்கே இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் அது 10.2 சதவீதம். போட்டிக்கென்றே கடுமையாக ஓடியவர்களில் 13.3 சதவீதம். அளவோடு ஓடுகிற பெரியவர் டீக்கடைக் கேள்விக்குப் பயப்பட வேண்டியதில்லை.

செவ்வாய்

இன்னொரு கணக்கும் ஓடுகிற பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் 1984இல் ஐம்பது வயது தாண்டிய ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் பின்தொடரத் தொடங்கினார்கள். பத்தொன்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது ஓடாதவர்களில் 34 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். ஓட்டக்காரர்களில் 15 சதவீதம். ஆயுளைவிடப் பெரிய லாபம் ஒன்றும் இருந்தது. உடை மாற்றவும், நாற்காலியிலிருந்து எழவும் சிரமப்படும் நிலை ஓட்டக்காரர்களுக்குப் பல ஆண்டுகள் தள்ளிப்போனது. பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் தனியாகவும் வாழும் வீடுகள் பெருகிவிட்ட கோவையில், தன் கையால் தன் வேலையைச் செய்யும் பத்தாண்டுகள் சாதாரண வரவல்ல.

புதன்

முதிய ஓட்டக்காரர்கள் என்றாலே பேச்சு ஃபௌஜா சிங் பக்கம் திரும்பாமல் இருக்காது. ஜலந்தர் அருகே பியாஸ் பிண்டில் பிறந்த விவசாயி அவர். 1992இல் மனைவியையும் 1994இல் ஒரு மகனையும் இழந்து, லண்டனுக்குக் குடிபெயர்ந்து, அந்தத் துக்கத்தில் ஓடத் தொடங்கியவர். 2000இல் லண்டன் மாரத்தானில் இறங்கியபோது அவருக்கு வயது 89. 2011 அக்டோபரில் டொரன்டோவில் முழு மாரத்தானை, அதாவது 42.195 கிலோமீட்டரை, 8 மணி 11 நிமிடத்தில் முடித்தபோது வயது நூறு. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதை ஏற்கவில்லை. பிறந்த தேதியை எழுதி வைக்காத காலத்துக் கிராமத்துப் பிள்ளையிடம் அதைக் கேட்டது அநியாயம் என்றே தோன்றுகிறது. கொங்கு கிராமங்களிலும் எத்தனையோ பாட்டிகளின் வயது, பெரிய மழை பெய்த வருஷத்தை வைத்துத்தான் கணக்காகிறது.

வியாழன்

பீளமேட்டுக்குப் பக்கத்திலேயே, கணபதியில், ஒரு முன்னோடி இருந்தார். பொள்ளாச்சி அருகே ஜமீன் காளியாபுரத்தில் 1920இல் பிறந்த நானம்மாள், சிறுவயதில் கற்ற யோகாசனத்தைத் தொண்ணூறு தாண்டியும் நாள்தோறும் செய்தார், பிறருக்கும் கற்றுக் கொடுத்தார். 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2019 அக்டோபரில், 99ஆம் வயதில் மறைந்தார். அவர் ஓடவில்லை. ஆனால் ஓடுகிற முதியவர்கள் பலர் விட்டுவிடும் பாதி அவரிடம் இருந்தது: வளைவு, சமநிலை, தசை வலு. அறுபத்தைந்து தாண்டியவர்கள் வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு, மூன்று நாளாவது சமநிலைக்கும் வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிவதுதான் பல முதியவர்களைப் படுக்கையில் தள்ளுகிறது.

பந்தய வரிசையில் அறுபது தாண்டிய பெண்கள் குறைவாக இருப்பதற்கு அவர்களின் உடம்பு காரணமல்ல. காட்டில் களை எடுத்து, தண்ணீர் சுமந்த உடம்புகள் அவை. ஆறு மணிக்கு அடுப்படியில் நின்றாக வேண்டும் என்ற வழக்கம்தான் தடுக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தை வீட்டார் விட்டுக்கொடுக்க வேண்டும்.

வெள்ளி

பந்தயம் எதற்கு, நடந்தால் போதாதா என்பவர்களுக்குப் பதில் மாஸ்டர்ஸ் தடகளத்தில் இருக்கிறது. 35 வயதிலிருந்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்துப் போட்டி நடக்கிறது. வயது ஏற ஏறக் குண்டெறிதலில் குண்டின் எடையும் குறையும். அறுபதுகளில் இருக்கும் ஆண்களுக்கு 5 கிலோ, எண்பது தாண்டினால் 3 கிலோ. இதில் ஓர் அழகு உண்டு. எழுபதைத் தொட்டவர் புதிய பிரிவில் எல்லோரையும்விட இளையவர்! பிறந்தநாளை ஆவலோடு எதிர்பார்க்கும் முதியவர்களை வேறெங்கும் காண்பது அரிது. 2013 முதல் கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளைக்காக நடக்கும் கோயம்புத்தூர் மாரத்தான் போன்ற ஓட்டங்கள், தேதி குறித்துக்கொண்டு பயிற்சி செய்ய ஒரு காரணம் தருகின்றன. தேதி இல்லாத பயிற்சி மழைக்காலத்தில் நின்றுபோகும்.

சனி

கனடாவின் எட் விட்லாக் 85 வயதில், 2016இல், மாரத்தானை நான்கு மணி நேரத்துக்குள் முடித்தார். அவர் பயிற்சி செய்த இடம் வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டம். அங்கே வண்டிகளின் தொல்லை இல்லை.

ஃபௌஜா சிங்குக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. இதயமோ முழங்காலோ அவரை நிறுத்தவில்லை. 2025 ஜூலை 14 அன்று, சொந்த ஊரில் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது கார் மோதி இறந்தார். அவிநாசி சாலையைக் கடந்துபோய் ஓடவேண்டியிருக்கும் பீளமேட்டுப் பெரியவர்களுக்கு இந்தச் செய்தி தொலைவில் நடந்ததல்ல. நடைபாதை இல்லாத தெருக்களில் அவர்கள் தார்ச்சாலையிலேயே ஓடுகிறார்கள், இருட்டில்.

ஓடுபவர்கள் வெளிர்நிறச் சட்டை போட்டு, எதிரே வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலது ஓரமாக ஓடுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு, சில மாதம் நடந்து பழகுங்கள். மாநகராட்சி, வாரத்தில் ஒரு காலையாவது பீளமேட்டில் ஒரு சாலையை வண்டியில்லாமல் விடட்டும். விமானத்தைப் பிடிக்க ஐந்து மணிக்கு அவிநாசி சாலையில் காரை விரட்டுகிறவர்களே, கொஞ்சம் மெதுவாகப் போங்க.