கச்சான் காற்றின் சாயம்

இலங்கையின் ஊவா மாகாணத்துத் தேயிலையைச் சுவைத்துத் தரம் காணும் தொழிலில் முதலில் பழக்கப்படுவது நாக்கு அன்று, உதடும் மூச்சுமே. சுவைப்பவர் கரண்டியில் எடுத்த சாயத்தை, அதாவது இலையிலிருந்து இறங்கிய நீரை, அமைதியாக விழுங்குவதில்லை. காற்றோடு சேர்த்து ஓசை எழ உறிஞ்சி, வாய்க்குள் நுண்துளிகளாகச் சிதறடித்து, அந்த ஆவி அண்ணத்தின் பின்வழியே மூக்கை எட்டும் வரை நிறுத்தி, பின்னர் துப்பிவிடுகிறார். விருந்தில் இழுக்கென்று கருதப்படும் இவ்வோசைதான் சுவையறையில் தொழிலின் அடிப்படை. பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியில் பிறக்கும் நுரைமதுவை அருந்துவோருக்கு இந்த உழைப்பு வேண்டியதில்லை; கிண்ணத்தின் அடியிலிருந்து எழும் குமிழிகள் மேற்பரப்பில் வெடித்து நறுமணத்தைத் தாமே மூக்கிடம் சேர்க்கின்றன. தேயிலைச் சாயத்திலோ குமிழி இல்லை. அதைச் சுவைப்பவரின் வாய்தான் உண்டாக்க வேண்டும்.

தேயிலைகளின் ஷாம்பெய்ன் என்ற பட்டத்தை வணிக உலகம் டார்ஜிலிங்குக்கு எப்போதோ வழங்கிவிட்டது. ஊவாவின் பதுளையும் பண்டாரவளையும் அப்பட்டத்துக்காக வழக்காட வேண்டிய தேவையும் இல்லை. ஒப்பிடத் தக்கது வேறொன்று. ஷாம்பெய்னில் ஒருமுறை நொதித்து அடங்கிய மது, லீட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்துப் போத்தலில் அடைக்கப்படுகிறது. அங்கே நிகழும் இரண்டாம் நொதித்தலில் பிறக்கும் வாயு வெளியேற வழியின்றி மதுவிலேயே கரைந்து, ஏறத்தாழ 6 வளிமண்டல அழுத்தத்துடன் காத்திருக்கிறது. குளிர்காலத்தில் நின்றுபோன நொதித்தல் வசந்தத்தில் மீண்டும் தொடங்கிப் போத்தல்களை வெடிக்கச் செய்த காலத்தில், இக்குமிழி ஒரு குறையாகவே எண்ணப்பட்டது. குமிழியைக் கண்டுபிடித்தவராகக் கதைகளில் வரும் துறவி டொம் பெரிஞ்ஞோன் (1638–1715) உண்மையில் அதைத் தவிர்க்கவே முயன்றவர் என்பதை அக்கதைகளைச் சொல்வோர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். பருவம் செய்த இடையூறு பின்னர் பெருமையாக மாறியது. ஊவாவிலும் கதை ஏறத்தாழ இதுவே. அங்கே குளிர் செய்ததை இங்கே காற்று செய்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மோதி, ஹட்டன், தலவாக்கலைப் பக்கங்களில் தன் மழையைக் கொட்டிவிட்டு, மலைமுகட்டைக் கடந்து ஊவாப் பள்ளத்தாக்கில் இறங்கும்போது ஈரமிழந்து, வறண்டு, வேகம் மிகுந்து வீசுகிறது. கச்சான் என்று பெயர்பெற்ற இக்காற்று யூலை முதல் செப்டெம்பர் வரை அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை, பசறைப் பக்கத்துச் சரிவுகளை உலர்த்துகிறது. பகலில் வறட்சியும் இரவில் மலைக்குளிரும் மாறிமாறித் தாக்க, தேயிலைச் செடியின் வளர்ச்சி மந்தமாகிறது. கொழுந்தின் அளவு குறைகிறது. பறிப்பவரின் கூடை நிரம்ப நேரமாகிறது. இந்த நெருக்கடியில்தான் இலையில் மீத்தைல் சாலிசிலேற்று உள்ளிட்ட மணப்பொருள்கள் மிகுகின்றன. பூச்சி கடித்தாலும் நீர் வற்றினாலும் தாவரங்கள் சுரக்கும் பொருள் இது. வலிநிவாரணித் தைலங்களுக்கு அவற்றின் மணத்தைத் தருவதும் இதுவே. ஊவாத் தேயிலையை முதன்முறை அருந்துவோர் சிலர் தைல வாடை வருகிறதே என்று முகம் சுளிப்பதுண்டு. அவர்களின் மூக்கு பிழைசெய்யவில்லை, பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

செடி தந்ததைத் தொழிற்சாலை காப்பாற்றுவதும் எளிதன்று. வாடவைத்து, உருட்டி நொறுக்கிய இலையைப் பரப்பி வைப்பதைப் புளிக்கவைத்தல் என்பது வழக்கம். ஆனால் அங்கே ஈஸ்டுக்கு வேலையில்லை, வாயுவும் பிறப்பதில்லை. இலையின் நொதியங்களால் அதன் பொலிபீனோல்கள் ஒட்சிசனோடு சேர்ந்து, சாயத்துக்கு ஒளி தரும் தியாஃபிளேவின்களாகவும் அடர்நிறம் தரும் தியாரூபிஜின்களாகவும் மாறுவதே நிகழ்கிறது. நேரம் நீண்டால் நிறம் ஏறும், மணம் இறங்கும். ஆதலால் கச்சான் பருவத்தில் டீமேக்கர், அதாவது தயாரிப்புக்குப் பொறுப்பானவர், நிறத்தை ஓரளவு விட்டுக்கொடுத்துப் புளிக்கவைக்கும் நேரத்தைக் குறுக்கிவிடுகிறார். இந்த முடிவுக்குக் கடிகாரத்தை விட மூக்கே அதிகம் உதவும். பச்சை வாடை நீங்கிப் பழவாடை தலைகாட்டும் கணத்தைத் தவறவிட்டால் அடுப்பில் எவ்வளவு கவனமாக உலர்த்தினாலும் மீட்க இயலாது.

சுவைத்தலின் முறை எளியது. 1980இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 3103 என்ற தர நியமம் 100 மில்லிலீட்டர் நீருக்கு 2 கிராம் இலையும் 6 நிமிட நேரமும் வகுத்துள்ளது. அதற்கு முன்பே பிரித்தானிய ஆறு பென்ஸ் நாணயத்தின் எடை, அதாவது ஏறத்தாழ 2.8 கிராம், தராசுத் தட்டில் வழங்கி வந்தது. வெண்ணிறக் கலத்தில் வடித்த சாயத்தின் விளிம்பில் பொன்வளையம் தெரிகிறதா என்றும், மூடியில் கவிழ்த்த சக்கை செம்பு நிறத்தில் ஒளிர்கிறதா என்றும் கண் பார்க்கிறது. உறிஞ்சும்போது ஈறுகளைக் கவ்விப் பிடிக்கும் விறுவிறுப்பையும் அதன்பின் தொண்டையில் பரவும் குளிர்ச்சியையும் வாய் பார்க்கிறது. ஆறிய கோப்பை கலங்கிப் பாலேடு போலத் திரண்டால் பழகாதவர் கெட்டுவிட்டது என்பார். தியாஃபிளேவினும் கஃபீனும் இணைந்து திரள்வதே அது, நல்ல சாயத்தின் அடையாளம்.

ஷாம்பெய்ன் மதுமனைகள் ஆண்டுக்கு ஆண்டு சுவை மாறாதிருக்கப் பல ஆண்டுகளின் மதுவைக் கலக்கின்றன. சிறந்த ஆண்டு வாய்த்தால் மட்டும் அதைத் தனியே அடைத்து ஆண்டைப் பொறிக்கின்றன. 1890இல் இலங்கைக்கு வந்து தம்பேதன்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் தேயிலையில் வளர்த்ததும் இக்கலவை வணிகத்தையே. அதன் பயன் மறுக்க முடியாதது. எனினும் கச்சான் பருவத்து ஊவாத் தேயிலையைக் கலவையில் கரைப்பது நல்ல ஆண்டின் மதுவைப் பெயரின்றி ஊற்றிவிடுவதற்கு ஒப்பானது. ஷாம்பெய்னில் திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும் என்பது விதி. பதுளைச் சரிவுகளில் இரண்டிலையும் ஒரு மொட்டுமாகப் பறிக்கும் பெண்களின் விரல்களும் அதே வேலையைச் செய்கின்றன. ஆயினும் அவர்களின் லயத்து, அதாவது தோட்ட வரிசைக் குடியிருப்பின், அடுப்பில் கொதிக்கும் தேத்தண்ணி பெரும்பாலும் தூள்ரகத்தில் போடப்பட்டது. பருவத்தின் உயர்ரகம் கொழும்பு ஏலத்துக்குச் சென்றுவிடுகிறது. 1883இல் தொடங்கிய அவ்வேலத்தின் முன்னோட்டமாகத் தரகர்கள் வரிசைக் கோப்பைகளை உறிஞ்சி மதிப்பிடும் ஓசையை, அக்கொழுந்தைப் பறித்தவர்கள் கேட்பதற்கு வாய்ப்பேயில்லை.

ஒக்டோபரில் காற்றுத் திசை மாறி வடகிழக்கு மழை நமுனுகுலை மலையை நனைக்கத் தொடங்கியதும் கொழுந்து தழைக்கும், கூடை விரைவில் நிரம்பும். அதே செடியின் சாயத்தை அதே கரண்டியால் உறிஞ்சும் சுவைப்பவருக்கு நிறமும் வலுவும் வாயில் நிற்கும். தொண்டையின் குளிர்ச்சி மட்டும் இராது.