சங்கராபரணிக் கரையோரத் தலங்கள்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் வார இறுதி நாள்களின் காலைப்பொழுதைக் கண்டவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. பேரன் பேத்திகள் பாறைகளின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களோடு வந்த தாத்தாவும் பாட்டியும் காந்தி சிலைக்கு அருகே அமர்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மணக்குள விநாயகரைத் தரிசித்தாயிற்று. இளையவர்கள் செல்ல விரும்பும் இடங்களில் முதியவர்களுக்கு நாட்டமில்லை. முதியவர்கள் கேட்கும் இடங்களுக்கு வழிகாட்ட அங்கே யாரும் இல்லை. இரண்டு நாள் தங்கிவிட்டு, கடலைத் தவிர வேறொன்றும் காணாமல் ஊர் திரும்பும் பெரியவர்கள் பலர்.

ஊருக்குள்ளே பழைமையான சிவாலயம் ஒன்று இருக்கத்தான் செய்தது. அந்த வேதபுரீசுவரர் ஆலயம் 1748-ஆம் ஆண்டில், துய்ப்ளெக்ஸ் ஆளுநராக இருந்தபோது இடிக்கப்பட்டது. அந்நாளின் துயரத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இன்று ஈசுவரன் கோயில் தெருவில் நாம் வணங்குவது பின்னாளில் எழுப்பப்பட்ட ஆலயம். ஆகவே, சோழர் காலத்துக் கற்றளியில் நின்று கும்பிட வேண்டும் என்னும் ஆவல் உடையவர்கள் கடலை விட்டு மேற்கே செல்ல வேண்டும். அதற்குக் காரும் வேண்டாம், பெருஞ்செலவும் வேண்டாம். நகரப் பேருந்துக் கட்டணமும், காலை ஏழு மணிக்குக் கிளம்பும் மனமும் போதும்.

மேற்கே வழிகாட்டுவது ஒரு நதி. செஞ்சிப் பகுதியின் குன்றுகளில் பிறந்து, செஞ்சியாறு என்றும் வராக நதி என்றும் சங்கராபரணி என்றும் பெயர்கள் பூண்டு வரும் அந்த ஆறு, புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆறாகவும் சுண்ணாம்பாறாகவும் பிரிந்து கடலைச் சேர்கிறது. சுண்ணாம்பாற்றில் படகு விடுவதைக் காணச் செல்வோருள், அதே நீர் சில கல் தொலைவுக்கு மேலே பிதிர்க்கடன் தீர்க்கும் தீர்த்தமாக விளங்குவதை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

அத்தீர்த்தம் திருக்காஞ்சி. வில்லியனூரில் இறங்கி ஆட்டோவில் சிறிது தூரம் சென்றால் ஆற்றங்கரையில் கங்கைவராக நதீசுவரர் திருக்கோயில். அகத்தியர் பிரதிட்டை செய்ததாகப் போற்றப்படும் மூலவர், பதினாறு பட்டைகள் கொண்ட சோடச லிங்கம். காமாட்சி, மீனாட்சி என அம்பிகையர் இருவர் இங்கே அருள்பாலிக்கின்றனர். தலவரலாறு எளியது. அந்தணர் ஒருவர் தம் தந்தையின் அஸ்தியைப் புனித நீரில் கரைக்க எடுத்துச் சென்ற வழியில் இக்கரையில் தங்கினார். கலசத்தைத் திறந்தபோது உள்ளே எலும்புக்கு மாறாகப் பூக்கள் இருந்தன. காசியினும் வீசம் அதிகம் என்று இத்தலத்தைச் சொல்வது அதனால்தான். விருத்தாசலம் முதலிய வேறு சில தலங்களுக்கும் அவ்வூர்க்காரர்கள் இதே பெருமையைச் சொல்வதுண்டு. அதில் வழக்கிட ஏதுமில்லை. காசிக்குச் செல்ல இயலாதவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள் அல்லவா?

அந்த இயலாமைதான் இத்தலத்துக்கு வருவோர் பலரின் கதை. மகளின் திருமணம் முடியட்டும், மகன் வேலையில் அமரட்டும் என்று காசி யாத்திரையை ஆண்டுக்காண்டு தள்ளிவைத்தவர்கள் ஒருநாள் மருத்துவரிடம் அனுமதி கேட்கும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். முழங்கால் ஒத்துழைப்பதில்லை, இரண்டு நாள் இரயில் பயணத்தைப் பிள்ளைகள் விரும்புவதில்லை. பெற்றோருக்குக் காசியில் பிண்டம் வைக்கவில்லையே என்ற குறை மட்டும் நெஞ்சில் தங்கிவிடுகிறது. அப்படிப்பட்டவர்கள் அமாவாசைக் காலையில் இக்கரையில் எள்ளும் நீரும் இறைத்துவிட்டு எழும்போது அவர்கள் முகத்தில் தெரியும் ஆறுதல் அவரவர் அறிந்தது. தட்சிணையை முன்னதாகவே பேசிக்கொள்வது நல்லது. இருவருக்கும் மனக்கசப்பு இராது. அமாவாசையில் கூட்டம் இருக்கும். மாசி மகத்தன்று சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வதால் பெருங்கூட்டம் கூடும். 2023-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் நடைபெற்ற சங்கராபரணி புஷ்கர விழாவின்போதும் இக்கரை நிரம்பி வழிந்தது. தனிமையில் வழிபட விரும்புவோர் சாதாரண நாளில் வருவதே நலம். படித்துறையில் இறங்குவோர் துணையின்றி இறங்கலாகாது.

மீண்டும் வில்லியனூர். திருக்காமீசுவரர், கோகிலாம்பிகை திருக்கோயில் ஊரின் நடுவே பெரிதாக எழுந்து நிற்கிறது. கோகிலம் என்றால் குயில். குயில்மொழி அம்மை என்று தமிழில் சொல்லும்போது இனிமை கூடுகிறது. இவ்வம்மை சுகப்பிரசவம் அருளும் தாயாகப் போற்றப்படுகிறாள். இங்குள்ள பிரசவ நந்தியை, கருவுற்ற பெண்ணுக்காகக் குடும்பத்தார் திசை திருப்பி வைத்து வேண்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. மகள் தொலைதேசத்தில் பேறுகாலத்தை எதிர்நோக்கியிருக்க, இங்கே தாய் வந்து நந்தியின் முன் நிற்கிறாள். விமானம் ஏறிச் செல்ல விசாவும் இல்லை, உடம்பில் வலுவும் இல்லை. அவளால் செய்யக்கூடியது இதுதான்; அதைச் செய்துவிட்டுப் போகிறாள்.

வைகாசிப் பிரம்மோற்சவத் தேர் இவ்வூரின் பெருவிழா. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநரே வந்து வடம் பிடித்த வழக்கம், இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிப்பதாகத் தொடர்கிறது. நகரத்துச் சிவாலயத்தை இடித்த அரசின் ஆளுநர்கள், பிற்காலத்தில் மற்றொரு சிவனின் தேரை இழுக்க வந்தார்கள் என்பதைக் காலத்தின் விளையாட்டு என்பதா, ஈசனின் விளையாட்டு என்பதா? கோயிலை விட்டு வெளியே வந்தால் சுடுமண் சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற குயவர்களின் ஊர் இது என்பதும் நினைவில் இருக்கட்டும். புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் இது. கொலுவுக்கு வாங்கிச் செல்லலாம்.

வில்லியனூருக்கு இரயிலும் உண்டு. புதுச்சேரி - விழுப்புரம் பாதை 1879-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஏறத்தாழ 38 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சிறு பாதையில் பயணிகள் இரயிலின் கட்டணம் 10 ரூபாய். மூத்த குடிமக்களுக்கான சலுகை 2020-இல் நிறுத்தப்பட்டது பலருக்கும் மனக்குறைதான். இந்தச் சீட்டைப் பொறுத்தவரை அந்தக் குறை பெரிதாகத் தோன்றுவதில்லை. ஆனால் நாளொன்றுக்குச் சில வண்டிகளே ஓடுவதால், திரும்பும் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். பேருந்து அடிக்கடி உண்டு.

அதே விழுப்புரம் சாலையில், புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் திருவாண்டார்கோயில். தேவாரத்தில் வடுகூர். நடுநாட்டுத் தலமான இதனை ஞானசம்பந்தப் பெருமான் பாடியிருக்கிறார். வடுக பைரவர் முண்டாசுரனை அழித்தபின், அப்பழி நீங்க இங்குள்ள இறைவனை வழிபட்டார் என்பது வரலாறு. பகைவனை வென்ற தெய்வமே பழி தீர நிற்கும் இடம் என்பதால் தேய்பிறை அட்டமியில் பைரவரை நாடி வருவோர் உண்டு. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கற்றளி, சுற்றிலும் அமைதி. பெரிய கோயில்களின் வரிசைகளில் நின்று கால் கடுத்தவர்கள் இங்கே கருவறைக்கு நேரே நின்று வேண்டிய மட்டும் கும்பிடலாம். சிறு புட்டி எண்ணெயும் திரியும் கொண்டு செல்வது நல்லது. நல்ல கூட்டமுள்ள கோயிலில் நாம் ஏற்றும் விளக்கு நூற்றில் ஒன்றாகிவிடும், இங்கே அப்படியன்று.

அங்கிருந்து சிறிது தொலைவில், அதே சாலையில், திருபுவனை. வைணவ அன்பர்கள் தவறவிடக் கூடாத பெருமாள் கோயில் இங்கே உள்ளது. முதல் பராந்தகன் காலத்துக் கற்றளி. சுவர்களிலும் அடித்தளத்திலும் சிற்பங்கள் நுணுக்கமானவை. கண்ணாடியை மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும். முதலாம் இராசாதிராசன் காலத்து, 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, இங்கே 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட கல்விச்சாலை நடந்ததைச் சொல்கிறது. வேதம் ஓதிய குரல்கள் நிறைந்திருந்த ஊர் இன்று பேருந்துகள் விரைந்து கடக்கும் சாலையோர ஊராகிவிட்டது.

இவ்வளவையும் ஒரே நாளில் முடித்துவிட எண்ணுவது தவறு. நண்பகலில் நடை சாத்தினால் மாலை வரை திறக்காது. வெயிலில் திண்ணை தேடி அலைய நேரிடும். திருக்காஞ்சியும் வில்லியனூரும் ஒரு காலை. வடுகூரும் திருபுவனையும் மற்றொரு காலை. திருவக்கரைக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

வடுகூர் நடுநாடு என்றால், திருவக்கரை தொண்டைநாடு. புதுச்சேரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் தேவாரக் கணக்கில் நாடே மாறிவிடுகிறது. சங்கராபரணியின் கரையில், செம்மண் மேட்டுப் பூமியில் அமைந்த ஊர். சந்திரமௌலீசுவரர் மூன்று முகங்கள் கொண்ட லிங்கத் திருமேனி. செம்பியன் மாதேவியார் கற்றளியாக எடுப்பித்த பெருமை உடையது. ஞானசம்பந்தர் பாடல் பெற்றது. இராசகோபுரம், கொடிமரம், நந்தி, கருவறை ஆகியவை மற்றக் கோயில்களைப் போல ஒரே நேர்க்கோட்டில் அமையாமல் ஒன்றுக்கொன்று விலகி நிற்பதைக் காணலாம். வக்கிரம் என்ற சொல்லுக்கு அன்பர்கள் இதையே காட்டுவார்கள்.

வக்கிராசுரனின் கொடுமை பொறுக்காத தேவர்களின் முறையீட்டை ஏற்று, திருமால் சக்கரத்தை ஏவி அவனை அழித்தார். அந்தத் திருமால் வரதராசப் பெருமாளாக இங்கேயே எழுந்தருளியுள்ளார். அசுரனின் தங்கை துன்முகியை அழிக்க வந்தவள் காளி. துன்முகி அப்போது கருவுற்றிருந்தாள். கருவிலிருந்த சிசு பாவம் அறியாதது. ஆகவே அதனை வயிற்றிலிருந்து எடுத்துத் தன் காதில் குண்டலமாக அணிந்துகொண்டு, அதன் பிறகே அன்னை அவளை வதம் செய்தாள். வக்கிரகாளியின் உருவத்தைக் கண்டு அஞ்சுவோர் அக்குண்டலத்தையும் பார்க்க வேண்டும். சினத்தின் உச்சியிலும் ஒரு சிசுவைக் காத்த கை அது.

பௌர்ணமி நள்ளிரவில் இங்கே நடக்கும் சோதி தரிசனம் புகழ்பெற்றது. அன்று சிறப்புப் பேருந்துகளும் உண்டு. ஆனால் இரவு விழிப்பும் நெரிசலும் முதியவர்களுக்கு ஏற்றவை அல்ல. சாதாரண நாளின் காலையில் வந்தால் அன்னையின் முகத்தை நிதானமாகக் காணலாம். அந்நாள்களில் பேருந்துகள் குறைவு என்பது மட்டுமே தொல்லை. நடத்துநரிடம் திரும்பும் நேரத்தைக் கேட்ட பிறகே இறங்க வேண்டும்.

கோயிலுக்கு அப்பால் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கும் கல்மரப் பூங்கா இருக்கிறது. 1781-இல் பிரெஞ்சு இயற்கையறிஞர் சொன்னரா இவற்றைப் பற்றி எழுதி உலகறியச் செய்தார். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்து, நார் நாராக மாறாமல் கல்லாகிப்போன மரங்கள் இவை என்கின்றனர் அறிஞர்கள். ஊர்ப் பெரியவர்கள் வேறு சொல்வார்கள்: திருமால் அழித்த அசுரனின் எலும்புகள். துண்டு ஒன்றைக்கூட எடுத்துச் செல்ல அனுமதியில்லை.

பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரோடு வந்து முதல் விளக்கத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். வேப்ப நிழலில் அமர்ந்து, வாழையிலையில் கட்டி வந்த புளிச்சோற்றைப் பிரிக்கும் பாட்டி, பக்கத்தில் இருக்கும் பேத்திக்கு இரண்டாவதைச் சொல்கிறாள். காளியின் காதிலுள்ள குழந்தை என்ன ஆயிற்று என்று பேத்தி கேட்கிறாள். பிற்பகல் பேருந்துக்கு இன்னும் நேரமிருக்கிறது.