பேக்-12 உடைஞ்ச கதையும், அதுல யாரும் கேட்காத ஒரு கேள்வியும்

1/
அமெரிக்க காலேஜ் ஸ்போர்ட்ஸ் ரசிகர்கள் நாலஞ்சு வருஷமா ஒரு விஷயத்துக்காக தினமும் சண்டை போட்டுட்டு இருக்காங்க. எந்த யுனிவர்சிட்டி எந்த கான்ஃபரன்ஸ்ல இருந்து எங்க தாவப் போகுது? அடுத்து யாரைச் சேர்ப்பாங்க? யாரைக் கழட்டி விடுவாங்க?
இந்த சண்டையில காசு, டிவி, கோர்ட்டு எல்லாம் பேசுறாங்க. விளையாடுற பிள்ளைங்களோட உடம்பு பத்தி பேச்சு ரொம்பக் குறைவு. ஒரு டாக்டரா அதைப் பத்தி ஒரு த்ரெட்.

2/
முதல்ல, கான்ஃபரன்ஸ்னா என்ன?
எங்களுக்கு கான்ஃபரன்ஸ்னா ரெண்டு நாள் லெக்சர், மத்தியானம் பிரியாணி, கடைசியில ஒரு சர்டிஃபிகேட். அங்க அது வேற. பத்துப் பன்னிரண்டு யுனிவர்சிட்டிகள் சேர்ந்து வச்சிருக்கிற ஒரு கூட்டணி. தங்களுக்குள்ளயே வருஷா வருஷம் விளையாடுவாங்க. டிவி உரிமையை மொத்தமா வித்து காசைப் பங்கு போட்டுக்குவாங்க.

3/
இந்தக் கூட்டணிகள் உருவானதுக்கு அடிப்படை ரொம்ப சிம்பிள்: தூரம். பக்கத்துல இருக்கிறவங்களோட விளையாடுறது. பஸ்ஸிலோ ரயிலிலோ போய் ஆடிட்டு வந்து திங்கக்கிழமை கிளாஸ்ல உட்காரணும், அவ்வளவுதான்.
பசிபிக் கரையில 1915-ல அப்படித் தொடங்கின கூட்டணிதான் பல பேர் மாறி, பல பேர் சேர்ந்து, 2011-ல பேக்-12 ஆச்சு.

4/
தூரத்தோட இடத்துக்கு டிவி வந்தது எப்போ?
1984 வரைக்கும் எந்த ஃபுட்பால் மேட்ச் டிவியில வரணும், எத்தனை தடவை வரணும்னு என்சிஏஏ தான் முடிவு பண்ணுச்சு. ஓக்லஹோமா, ஜார்ஜியா யுனிவர்சிட்டிகள் தொடர்ந்த வழக்குல அமெரிக்க சுப்ரீம் கோர்ட், அது போட்டியைத் தடுக்கிற செயல்னு சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் யார் வேணா தங்க மேட்சை வித்துக்கலாம். பெரிய கூட்டணி, பெரிய விலை. இன்னிக்கு நடக்கிற எல்லாத்துக்கும் விதை அங்கதான்.
(இங்க ஃபுட்பால்னா அமெரிக்கன் ஃபுட்பால். நம்ம கால்பந்து இல்ல.)

5/
2021 ஜூலை. டெக்சாஸும் ஓக்லஹோமாவும் பிக் 12-ல இருந்து எஸ்இசிக்குப் போறதா அறிவிச்சாங்க. பிக் 12 ஆட்டம் கண்டுச்சு. அந்த நேரத்துல பேக்-12 நினைச்சிருந்தா அங்கிருந்து சில பேரை இழுத்திருக்கலாம். ஆனா ஆகஸ்ட்ல "நாங்க இப்போ விரிவாக்கம் பண்ணல"னு சொல்லிட்டாங்க.
அதே வாரம் பேக்-12, பிக் டென், ஏசிசி மூணும் சேர்ந்து ஒரு 'அலையன்ஸ்' அறிவிச்சாங்க. கையெழுத்து போட்ட ஒப்பந்தம்னு ஒண்ணுமே இல்ல. வாய் வார்த்தைதான்.

6/
பத்து மாசத்துக்குக் கொஞ்சம் மேலதான் ஓடுச்சு. 2022 ஜூன் 30 அன்னிக்கு யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பேக்-12-ஐ விட்டுட்டு, அதே அலையன்ஸ்ல இருந்த பிக் டென்னுக்குப் போறதா அறிவிச்சுட்டாங்க. லாஸ் ஏஞ்சலஸ்ங்கிற பெரிய டிவி மார்க்கெட் கையை விட்டுப் போச்சு.
ஆகஸ்ட்ல பிக் டென் போட்ட டிவி ஒப்பந்தம்: 7 வருஷம், 700 கோடி டாலருக்கு மேல.

7/
பேக்-12 ஒரு டிவி ஒப்பந்தம் தேடி ஒரு வருஷத்துக்கு மேல அலைஞ்சுது. அதுக்குள்ள 2022 அக்டோபர்லயே பிக் 12 முந்திக்கிட்டு ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸ் ரெண்டு பேரோடயும் பேசி முடிச்சுட்டாங்க. கடைசியில பேக்-12 மேஜைக்கு வந்தது ஆப்பிளோட ஸ்ட்ரீமிங் ஆஃபர். எத்தனை பேர் சந்தா கட்டுறாங்களோ, அதைப் பொறுத்துதான் வருமானம் கூடும்.
இதுக்கு யார் காத்திருப்பாங்க?

8/
2023 ஜூலை: கொலராடோ கிளம்பிடுச்சு, பிக் 12-க்கு.
ஆகஸ்ட் 4: ஒரே நாள்ல அஞ்சு. ஓரிகன், வாஷிங்டன் பிக் டென்னுக்கு. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா பிக் 12-க்கு.
செப்டம்பர் 1: ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ஏசிசிக்கு. ஏசிசின்னா அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ். பசிபிக் கடற்கரையில இருக்கிற ரெண்டு யுனிவர்சிட்டி, அட்லாண்டிக் கரைக் கூட்டணியில!
நூத்தியெட்டு வருஷக் கூட்டணியில மிச்சம் ரெண்டே பேர்: ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட்.

9/
எனக்கு இந்த விஷயமெல்லாம் தெரிய வந்ததே என் சித்தி பையனாலதான். வாஷிங்டன் ஸ்டேட்ல எம்.எஸ். படிச்சவன். அது இருக்கிற புல்மன் ஊரோட ஜனத்தொகை சுமார் 33,000. ஃபுட்பால் ஸ்டேடியத்துல இருக்கிற சீட்டும் ஏறக்குறைய 33,000. 2003-ல இருந்து ஈஎஸ்பிஎன்னோட 'காலேஜ் கேம்டே' நிகழ்ச்சி எந்த ஊர்ல நடந்தாலும், அங்க போய் கூட்டத்துக்குப் பின்னாடி தங்க கொடியைத் தூக்கிப் பிடிக்கிற ரசிகர்கள் அவங்க.
அந்த ஆகஸ்ட் மாசம் எனக்கு நைட் டியூட்டி. அவன்கிட்ட இருந்து மெசேஜ்: "அக்கா, பந்தி முடிஞ்சு எல்லாரும் எழுந்து போயாச்சு. நாங்க ரெண்டு பேர் மட்டும் இலையோட உட்கார்ந்திருக்கோம்."

10/
அவன் அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டெல்லாம் படிச்சதுல, ரசிகர்களை மூணு கட்சியாப் பிரிக்கலாம்.
முதல் கட்சி: "இது பிசினஸ். டிவி மார்க்கெட் இருக்கிறவன் பிழைப்பான்."
ரெண்டாவது: "பாரம்பரியம் போச்சு." இவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் நூறு வருஷத்துக்கு மேல ஆடின ஃபுட்பால் போட்டி 2023 நவம்பரோட நின்னு போச்சு. ரெண்டு கேம்பஸும் ஒன்றரை மணி நேர கார் தூரம்தான்.
மூணாவது கட்சிக்கு நேத்து நடந்தது முக்கியமில்ல, "அடுத்து யாரு?"தான் முக்கியம். வதந்தியோட உயிரே இவங்கதான்.

11/
மூணு கட்சிக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. மூணு பேருமே ஃபுட்பாலை மட்டும் வச்சுத்தான் பேசுறாங்க.
ஆனா யுனிவர்சிட்டி கான்ஃபரன்ஸ் மாறும்போது ஃபுட்பால் மட்டும் மாறல. வாலிபால், பேஸ்பால், சாஃப்ட்பால், பாஸ்கெட்பால், கால்பந்துன்னு பெரும்பாலான டீம்களும் கூடவே மாறுது. ஒருத்தனுக்கு வேலை மாத்தலானா குடும்பமே பெட்டி கட்டுற மாதிரி.

12/
இப்போ கணக்கு பாருங்க.
ஃபுட்பால்: ஒரு சீசனுக்கு 12 மேட்ச். பெரும்பாலும் வாரம் ஒண்ணு, சனிக்கிழமை. தனி சார்ட்டர் விமானம், கூடவே டாக்டர், பிசியோ, சமையல் ஆள்.
சாஃப்ட்பால், பேஸ்பால்: ஒரு சீசனுக்கு 56 மேட்ச் வரைக்கும். பாஸ்கெட்பால்: 30 மேட்ச் பக்கம், பாதி வார நாள்ல.
அதாவது, டிவி ஒப்பந்தம் யாருக்காகப் போட்டாங்களோ அவங்களுக்கு அலைச்சல் குறைவு. அந்த ஒப்பந்தத்துல பேரே அடிபடாதவங்களுக்கு அலைச்சல் அதிகம்.

13/
இங்கதான் என் துறை உள்ள வருது.
நம்ம மூளையில, ரெண்டு கண் நரம்பும் குறுக்கே சந்திக்கிற இடத்துக்கு மேல, உடம்புக்கான கடிகாரம் ஒண்ணு இருக்கு. தூக்கம், உடல் சூடு, ஹார்மோன் எல்லாம் அது சொல்ற நேரப்படிதான். பெரும்பாலான மனுஷங்களுக்கு இந்தக் கடிகாரத்தோட ஒரு சுற்று 24 மணி நேரத்தை விடக் கொஞ்சம் நீளம்.
அதனால லேட்டா தூங்குறது சுலபம், சீக்கிரம் தூங்குறது கஷ்டம். மேற்கு நோக்கிப் பறந்தா சமாளிக்கலாம். கிழக்கு நோக்கிப் பறந்தா அதிகம் படுத்தும்.

14/
லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து பிக் டென்ல இருக்கிற ரட்கர்ஸ் யுனிவர்சிட்டி, நியூ ஜெர்சி: சுமார் 3,900 கிலோமீட்டர், மூணு மணி நேர வித்தியாசம். உடம்புக் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். ரெண்டு நாள் ட்ரிப்ல அது பழகுறதுக்குள்ள திரும்பி வந்துடுவாங்க.
அங்க மதியம் 12 மணிக்கு மேட்ச்னா இவங்க உடம்புக்கு அது காலை 9 மணி. ரட்கர்ஸ் பிள்ளைங்க மேற்கே வந்து ராத்திரி 7:30-க்கு ஆடினா அவங்க உடம்புக்கு மணி பத்தரை. ரெண்டு பக்கமும் அடி.

15/
உடம்புத் திறன் சாயங்கால வாக்குலதான் உச்சத்துல இருக்கும். என்எஃப்எல்லோட 40 வருஷ இரவு மேட்சுகளை அலசி 2013-ல ஒரு ஆய்வு வந்துச்சு. கிழக்குக் கரை அணிகளோட ராத்திரி ஆடும்போது மேற்குக் கரை அணிகள், பந்தயம் கட்டுறவங்க கணிச்சதை விட நல்லா ஆடியிருக்காங்க. அவங்க உடம்புக்கு அது இன்னும் சாயங்காலம்தானே. பகல் மேட்சுகள்ல அந்தச் சலுகை இல்ல.

16/
இன்னொரு ஆய்வு, 2011. 11 காலேஜ் பாஸ்கெட்பால் வீரர்களை அஞ்சாறு வாரத்துக்கு தினமும் 10 மணி நேரம் படுக்கையில இருக்கச் சொன்னாங்க. ஃப்ரீ த்ரோ 9%, மூணு பாயின்ட் ஷாட் 9.2% கூடுச்சு. ஓட்ட வேகமும் கூடுச்சு. சின்ன ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேற குழு இல்ல, அதனால ரொம்ப நம்பிட வேண்டாம். ஆனா அது நடந்த இடம் எது தெரியுமா?
ஸ்டான்ஃபோர்ட்.
தூங்கினா நல்லா ஆடலாம்னு உலகத்துக்குச் சொன்ன அதே யுனிவர்சிட்டி, இப்போ தன் பிள்ளைங்களை பாஸ்டனுக்கும் மயாமிக்கும் லீக் மேட்ச் ஆட அனுப்புது.

17/
தூக்கக் குறைவு ஆட்டத்தை மட்டும் பாதிக்காது. ஸ்கூல் விளையாட்டு வீரர்கள் 112 பேரை வச்சு 2014-ல வந்த ஆய்வுல, 8 மணி நேரத்துக்குக் குறைவா தூங்கினவங்களுக்கு காயம் படுற வாய்ப்பு 1.7 மடங்கு. தூக்கக் குறைவுதான் காரணம்னு இது மட்டுமே நிரூபிக்காது. ஆனா வீட்ல விளையாடுற பிள்ளை இருந்தா, தூக்கத்தைப் பயிற்சியோட ஒரு பகுதியாவே பாருங்க.
நைட் டியூட்டி பார்க்கிற எவருக்கும் இது ஆய்வு படிச்சுத் தெரிய வேண்டியதில்ல.

18/
"ஆனா டாக்டர், மேற்குக் கரை டீமெல்லாம் ஜெயிச்சாங்களே?"
ஆமா. முதல் வருஷமே ஓரிகன் பிக் டென் ஃபுட்பால் சாம்பியன். பெண்கள் பாஸ்கெட்பால் பைனல்ல மோதினதே யுசிஎல்ஏவும் யுஎஸ்சியும்தான். 20 வயசு உடம்பு எதையும் தாங்கும். கூட ஆள், வசதி, விமானம் இருந்தா இன்னும் தாங்கும்.
ஜெயிக்க முடியுமாங்கிறது என் கேள்வி இல்ல. முழங்கால்ல கட்டு போட்டுக்கிட்டு, பரீட்சைக்கு விமானத்துல படிக்கிற சாஃப்ட்பால் பொண்ணோட நிலைமை எந்த ஸ்கோர்கார்டுலயும் வராது.

19/
எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லணும். ஃபுட்பால் காசு இல்லாட்டி இந்த மத்த விளையாட்டெல்லாம் பல இடத்துல இழுத்து மூடப்படும். 2020 ஜூலையில இதே ஸ்டான்ஃபோர்ட் 11 விளையாட்டுகளை நிறுத்தப் போறதா அறிவிச்சுது. முன்னாள் வீரர்கள் பெரிசா எதிர்த்தப்புறம் 2021 மே மாசம் அந்த முடிவை வாபஸ் வாங்குச்சு.
ஆக, அந்தப் பொண்ணுக்கு முன்னாடி இருக்கிற சாய்ஸ் ரெண்டு: தூரமாப் போய் விளையாடு, இல்ல விளையாடாதே. அலைச்சல் அநியாயம்னு சொல்றவங்க இந்த ரெண்டாவது சாய்ஸையும் மறக்கக் கூடாது.

20/
மூணாவது வழி இல்லையா? இருக்கு. ரசிகர்களே சில பேர் சொல்றாங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது: ஃபுட்பாலைத் தனியாப் பிரிச்சிடுங்க.
டிவிக்காக ஃபுட்பால் எந்தக் கூட்டணியில வேணா இருக்கட்டும். மத்த விளையாட்டுகள் பக்கத்து ஊரோடவே ஆடட்டும். ஸ்டான்ஃபோர்டுல இருந்து கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி இருக்கிற பெர்க்லி ஒரு மணி நேர கார் தூரம். நோட்ரடாம் யுனிவர்சிட்டி மத்த பல விளையாட்டுக்கு ஏசிசியில இருக்கு, ஃபுட்பால்ல மட்டும் எந்தக் கூட்டணியிலயும் சேராம தனியா நிக்குது. பிரிக்க முடியும்னு அதுவே உதாரணம்.

21/
புல்மன் கதை என்னாச்சுன்னா, மிச்சம் இருந்த ரெண்டு பேரும் கோர்ட்டுக்குப் போய் கூட்டணியோட நிர்வாகத்தைத் தங்க கையில வாங்கினாங்க. 2024-ல புது ஆள் சேர்க்கத் தொடங்கினாங்க: பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், கொன்சாகா. அடுத்த வருஷம் டெக்சாஸ் ஸ்டேட். 2026 ஜூலையில இருந்து புது பேக்-12.
கொன்சாகா, புல்மன்ல இருந்து ஒன்றரை மணி நேர டிரைவ். பாய்சி பக்கத்து மாநிலம். காசு குறைவு, டெக்சாஸைத் தவிர பெரும்பாலும் மேற்குப் பக்கம்தான். கைவிடப்பட்டவங்க கட்டின கூட்டணி, ஓடிப் போனவங்க கூட்டணியை விட மேப்ல ஒழுங்கா இருக்கு.

22/
சண்டை இதோட முடியாது. ஏசிசியை விட்டு வெளியே போக ஃப்ளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் போட்ட வழக்கு 2025 மார்ச்ல சமரசம் ஆச்சு. அதன்படி வெளியேறக் கட்ட வேண்டிய தொகை வருஷா வருஷம் குறைஞ்சு, 2030-31-ல 7.5 கோடி டாலருக்கு வரும். அடுத்த தாவல் அப்போதான்னு ரசிகர்கள் இப்பவே காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்காங்க.

23/
வட்டம் போடட்டும். வதந்தி பேசுறதும் ஒரு சந்தோஷம்தான், நம்ம ஊர் ஐபிஎல் ஏலத்துக்கு முன்னாடி பேசாததா?
ஆனா அடுத்த தடவை "இந்த யுனிவர்சிட்டி அங்க போகுதாம்"னு நியூஸ் வந்தா, "எத்தனை கோடி?"னு கேட்கிற கையோட இன்னொரு கேள்வியும் கேட்கணும்:
"அந்த வாலிபால் டீம் புதன்கிழமை ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கும்?"
இதுக்குப் பதில் சொல்ல முடியாத எந்த ஒப்பந்தமும் எனக்கு நல்ல ஒப்பந்தமாத் தெரியல.

இன்னிக்கு ராத்திரி கொஞ்சம் சீக்கிரம் தூங்குங்க.