வெள்ளையனும் செம்மண்ணும்

எங்கட வீட்டுக்கு வாற ஆக்கள் முதலில் கேட்பது, "இந்தச் செம்மண்ணுக்குள்ள வெள்ளை நாயோ?" என்றுதான். நியாயமான கேள்வி. கனகராயன்குளத்துப் புழுதியில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையே ஒருநாள் தாங்காது. அதிலும் வெள்ளையன் சட்டையைக் கழற்றித் தர மாட்டான், மண்ணில்தான் படுப்பான்.

நாங்கள் வடிவுக்காக அவனை வெள்ளையாக வைத்திருக்கவில்லை. எங்கட படலையில் இருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் ஏ-9 வீதி. இரவிரவாக யாழ்ப்பாணம் – கொழும்பு பஸ்கள் பறக்கிற வீதி. வெள்ளையனுக்கு முதல் எங்களிடம் இரண்டு நாய்கள் இருந்தன. இரண்டும் மண்ணிறம். இரண்டையும் விடியற்காலையில் சாக்கில் தூக்கிக்கொண்டு வந்து வேம்புக்குக் கீழே தாட்டனாங்கள். இரண்டாவதைத் தாட்ட அன்று அப்பா சொன்னார், "இனி வளர்க்கிறதெண்டால் லைற் வெளிச்சத்தில தெரியிற நாயாப் பாத்து வளருங்கோ."

அதனால் எங்களுக்கு ஊத்தை என்றால் பயம். செம்மண் மூடினால் அவனும் மண்ணிறம்தானே.

பயத்தில் செய்ததெல்லாம் பிழை. உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம் போட்டு ஒவ்வொரு பின்னேரமும் கிணற்றடியில் முழுக வார்த்தோம். ஒருநாள் கடைசி வாளியில் நீலமும் கலந்தோம். நீலம் ஊத்தையைப் போக்காது, மஞ்சளை மறைக்கிறது மட்டும்தான் அதின்ர வேலை என்று அப்போது தெரியாது. ஒரு கிழமை வெள்ளையன் வானநிறத்தில் திரிந்தான். அம்மா சிரித்த சிரிப்பு!

பிறகு அவன்ர பாதங்கள் சிவக்கத் தொடங்கின. செம்மண் ஊறிவிட்டது என்று இன்னும் உரஞ்சினோம். உரஞ்ச உரஞ்சச் சிவப்புக் கூடியது.

விசர்நாய்த் தடுப்பூசி போட வந்த மிருக வைத்தியர் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது மண்ணில்லைப் பிள்ளையள், எச்சில்" என்றார். நாயின் எச்சிலிலும் கண்ணீரிலும் போர்பிரின் என்றொரு பொருள் இருக்கிறது. சிவப்பணுக்கள் சிதையும்போது வருவது. ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருந்தால் வெள்ளை மயிரில் செங்கல் நிறமாகப் பிடித்துவிடும். ஏன் நக்குகிறான்? கடிக்குது. ஏன் கடிக்குது? எங்கட சவர்க்காரம். மனிசத் தோல் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, நாயின் தோல் நடுநிலைக்குக் கிட்ட. எங்களுக்குப் போடுகிற ஷாம்புவே அதுக்குச் சரிவராதாம், உடுப்புச் சவர்க்காரத்தை என்ன சொல்ல. அவனைக் காப்பாற்றுகிறோம் என்று தோலை உரித்திருக்கிறோம். அன்று இரவு எங்களில் ஒருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது முழுக்கு இரண்டு மூன்று கிழமைக்கு ஒருக்கா, நாய்க்குரிய ஷாம்புவில். நுரை போகும்வரை அலசுவதுதான் பெரிய வேலை. மற்ற நாட்களில் சேறு பட்டால் ஈரத்தில் தொடுவதே இல்லை. காயவிட்டுப் பிரஷ்ஷால் வாரினால் மண் தூளாகக் கொட்டும். உண்ணியும் அப்போதே கையில் அம்பிடும், வெள்ளை நாயில் அது ஒரு வசதி. பாதம் வெளிக்க மாதக்கணக்கில் ஆனது. நிறம் பிடித்த மயிர் வளர்ந்து விழவேணுமே!

மாரிதான் கஷ்டம். கார்த்திகை மழையில் அவனை வெள்ளையாக வைத்திருக்க யாராலும் ஏலாது. பழைய வீதி வேலை ஜக்கெற்றில் ஒளி தெறிக்கிற பட்டியை வெட்டிக் கழுத்தில் கட்டிவிட்டிருக்கிறோம்.

கடைசிப் பஸ்ஸில் ரியூசனால் வந்து இறங்கும்போது வீதிக்கு அந்தப் பக்கம் முதலில் பட்டிதான் மின்னும். பிறகுதான் வால்.