பிள்ளை என்றொரு டாக்ஸி டிரைவர்

துபாயிலிருந்து நாலரை மணி நேரத்தில் செஷல்ஸ். அங்கே போகிறவர்கள் கடற்கரைக்காகத்தான் போகிறார்கள், நாங்களும் அப்படித்தான். ஆனா மாஹே தீவில் இறங்கி டாக்ஸியில் ஏறினதுமே என் கவனம் வேறு பக்கம் போயிடுச்சு. டிரைவரின் அட்டையில் ‘பிள்ளை’ என்று இருந்தது.

“நீங்க தமிழா?” என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. ஆங்கிலத்தில் கேட்டதும் சிரித்தார். “நான் செஷல்வா. அப்பாவோட தாத்தா இந்தியாவிலிருந்து வந்தாராம். அம்மா பக்கம் மடகாஸ்கர். ஒரு பாட்டி சீனா.” ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். கேள்வியே தப்போ என்று தோன்றியது.

இந்தத் தீவுகளுக்குப் பூர்வகுடி என்று யாருமே கிடையாது. 1770 ஆகஸ்டில் மாஹேவுக்குப் பக்கத்திலுள்ள செயின்ட் ஆன் தீவில் முதலில் குடியேறினவர்கள் மொத்தம் 28 பேர். 15 வெள்ளையர், 7 அடிமைகள், 5 இந்தியர்கள், ஒரு கறுப்பினப் பெண். முதல் கப்பலிலேயே நம்மூர்ப் பக்கத்து ஆட்கள்! அதன்பின் பிரெஞ்சுக்காரர்கள் மொசாம்பிக், மடகாஸ்கர் பக்கமிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். 1835-ல் அடிமைமுறை ஒழிந்தபோது ஜனத்தொகையில் பெரும்பகுதி அவர்கள்தான். 1861-க்குப் பிறகு, அரபு அடிமைக் கப்பல்களிலிருந்து பிரிட்டிஷ் கடற்படை மீட்ட ஆப்பிரிக்கர்களும் இங்கே இறக்கிவிடப்பட்டார்கள். இந்திய, சீன வியாபாரிகளும் வந்தார்கள். எல்லாரும் கலந்து, இன்று ஒரு லட்சத்துச் சொச்சம் பேர். அதில் பெரும்பாலோர் மாஹேயில். வீட்டில் பேசுவது கிரியோல்.

தலைநகர் விக்டோரியாவில் 1992-ல் கட்டிய நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது. கோபுரத்தைப் பார்த்ததும் மனைவிக்குக் கண் கலங்கிடுச்சு. அங்கே எங்களிடம் தமிழில் பேசினவர்கள், சமீபத்தில் வேலைக்கு வந்தவர்கள். பிள்ளை வெளியே காரிலேயே உட்கார்ந்திருந்தார்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. என் மகளுக்கு ஒன்பது வயசு. வெள்ளிக்கிழமைத் தமிழ் வகுப்பு என்றாலே வயிற்று வலி வரும். நாலு தலைமுறை தள்ளி யாராவது அவள் பேரனிடம் “நீங்க தமிழா?” என்று கேட்டால்?

மறுநாள் பிள்ளையே எங்களை மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார். மீன், லவங்கப்பட்டை, மாம்பழம். ஒரு கிரியோல் அம்மா கட்டுக்கட்டாக இலை வைத்திருந்தார். இது என்ன என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

“கரிபிலே.”

“அப்பா! அது நம்ம வார்த்தை!”

பிள்ளைக்கு ஆச்சரியம். பாட்டி காலத்திலிருந்து வீட்டில் தேங்காய்ப்பால் கறிக்குப் போடுவதாம், அவர் அதைக் கிரியோல் வார்த்தை என்றே நினைத்திருந்தார். முழுசாக எப்படிச் சொல்வீங்க என்று கேட்டார். என் மகள் வாத்தியார் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொடுத்தாள்: “க-றி-வேப்-பி-லை.”

இரண்டு தடவை முயன்று பார்த்தார்.

“ரொம்ப நீளம். எங்களுதே நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு, ஒரு கட்டு வாங்கி அவளிடம் கொடுத்தார்.